ஜக்கின் முதுகில் ஆறு கோடுகள்

மெக்கானிக் நான்காவது அட்டையையும் கவிழ்த்து வைத்தார்.

கோபமாக அல்ல. ஒவ்வொன்றையும் இடது கையால் ஓரம் பிடித்து, நிதானமாகத் திருப்பி, மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். குடை, கடிகாரம், ரோஜாப்பூ போட்ட கெட்டில் மூன்றும் முன்பே அங்கே குப்புறக் கிடந்தன. கடைசியாக இஸ்திரிப்பெட்டியும் போய்ச் சேர்ந்தது. அவருடைய வலது கை மடியில் கிடந்தது. நான்கு மாதமாக அது அப்படித்தான் கிடக்கிறது.

எதிரே உட்கார்ந்திருந்த பேச்சு தெரபிஸ்ட் சின்னப் பெண். காலையிலிருந்து ஏழாவது ஆளைப் பார்க்கிறாள். அலுப்பு முகத்தில் தெரியாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு படத்த வச்சு, 'இஸ்திரிப்பெட்டி எது, தொடுங்க'ன்னு கேக்கிறேன். அஞ்சு வாரமா இதேதான் நடக்குது," என்றாள் மெக்கானிக்கின் மனைவியிடம். "இன்னும் மூணு வாரத்துல மதிப்பீடு. பன்னிரண்டு பொருள்ல பாதியாவது சரியா காட்டினாத்தான் பயிற்சி தொடரும். இல்லேன்னா இந்த இடத்த வரிசையில நிக்கிற அடுத்தவங்களுக்குக் குடுத்தாகணும். என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கவுக்கிறாரு."

"வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் அப்படித்தாம்மா நினைப்பாங்க."

அந்தப் பெண் இதை அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. அந்தத் தெருவில் பாதிப்பேர் போட்டிருக்கும் சட்டையும் கால்சட்டையும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சீருடையும் அவள் மெஷினில் இருந்து வந்தவை. அளவெடுக்கும்போதே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவளுக்குச் சொந்தப் புருஷன் அட்டையை ஏன் கவிழ்க்கிறார் என்று தெரியாதா என்ன?

கடையில் அவர் செய்வதுதான் அது. வீட்டின் முன்னறையில் அவள் மெஷினுக்கு எதிரே அவருடைய ரிப்பேர் மேசை. யாராவது ஃபேன், ரேடியோ, இஸ்திரிப்பெட்டி என்று கொண்டுவந்து வைத்தால் வாயைத் திறக்க மாட்டார். எடுத்து, திருப்பி, காதருகே ஆட்டிப் பார்ப்பார். சரிசெய்யலாம் என்றால் மேசையில் நிமிர்த்தி வைப்பார். இதெல்லாம் ஒரு சாமானா, தூக்கிக்கொண்டு போ என்றால் கவிழ்த்துத் தள்ளிவிடுவார். வருகிறவர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது. நிமிர்ந்திருந்தால் திங்கட்கிழமை வந்து கேட்பார்கள். கவிழ்ந்திருந்தால் மறுபேச்சு இல்லாமல் நடையைக் கட்டுவார்கள்.

பேச முடிந்த காலத்திலேயே பேசாத மனுஷன். மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். 'அது.' தண்ணீரும் அது, டீயும் அது. ஜன்னலைச் சாத்து என்பதும் அது. மகள் வந்து எதிரே நின்றால் அவளும் அது. "கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் கழிச்சு நானும் கடைசியில அதுவாயிட்டேன்," என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்ததும் அவர் மூஞ்சியை நேராகப் பார்த்துச் சொன்னாள். "மூணு வாரம் இருக்கு. அந்தப் பொண்ணு அட்டை உங்களுக்குப் பிடிக்கல, அவ்வளவுதானே? உங்களுக்குப் பிடிச்ச மாதிரி நான் கொண்டு வரேன். அந்த இடத்த நான் விடப்போறதில்ல."

"அது," என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கு ஏம்மா இவ்வளவு? நம்ம வீட்டு சாமானையே போட்டோ எடுத்துடலாம்," என்று அரை மணி நேரத்தில் போனில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். போனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவில்லை. போனின் உடைந்த மூலையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். சரி என்று கடைக்குப் போய்க் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு வந்தாள். டீ பாத்திரத்தின் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். அம்மாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பாத்திரத்துக்குப் பின்னால், சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த பிளக் பாயிண்டை விரலால் குத்திக் குத்திக் காட்டினார். "அது! அது!"

"நாலு மாசமா அது தொங்குது. அவர் விழறதுக்கு முந்தின வாரம் சரி பண்றேன்னு ஸ்க்ரூ எல்லாம் கழட்டினாரு," என்றாள் தையல்காரி.

மகள் படங்களை அடுக்கி உள்ளே வைத்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. அந்த இடம் போச்சுன்னா போகட்டும். ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. அங்க எல்லாம் புதுசா இருக்கு, லிஃப்ட் இருக்கு."

"உங்க வீட்டுலயா? போன தடவ வந்தப்ப மூணு நாள்ல ரெண்டு கப்பை உடைச்சேன். டீ ஊத்தினா பாதி மேடையில. உன் மாமியார் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க."

"நீ எங்க வந்தாலும் அப்படித்தாம்மா. உன் கை அவசரக் கை." மகள் சிரித்தாள். தையல்காரியும் சிரித்தாள். உண்மைதானே, வெளியில் போனால் அவள் கை அப்படித்தான். ஆனால் இடத்தை விடுவதாக இல்லை.

போட்டோ ஏன் சரிப்படவில்லை என்று திங்கட்கிழமை காலை சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டே யோசித்தாள். போட்டோவில் எல்லாம் விழுகிறது. சுவர், ஒயர், அழுக்கு, நிழல். தையலுக்கு வெட்டும் பேட்டர்ன் தாளில் அப்படியா இருக்கிறது? வேண்டிய கோடு மட்டும்தான் இருக்கும். அந்தத் தாளைப் பார்த்தே சட்டை இதுதான் என்று சொல்லிவிடலாம்.

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். பழுப்புத் தாள் சுருளை இழுத்து வெட்டும் மேசையில் விரித்தாள். டீ பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இன்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துணியில் கோடு போடும் சாக்பீஸை இடது கையில் எடுத்தாள். பிறவியிலேயே இடது கைக்காரி.

அவளுக்குப் படம் வரையத் தெரியாது. அளவெடுக்கத் தெரியும். எனவே அளவெடுத்தாள். உயரம் நாலே கால். வாய் ஏழு. அடி ஐந்தரை. கைப்பிடி ஆறரை இன்ச் நீண்டு நுனியில் சற்றே தூக்கியிருக்கிறது. புள்ளி வைத்தாள், புள்ளிகளைச் சேர்த்தாள். பாத்திரத்தின் வயிறு வளையும் இடத்தில், கைக்குழி வளைவுக்கு வைத்திருக்கும் மர ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. அட, என்று வாய்விட்டே சொன்னாள். பாத்திரம் செய்தவனும் தோளுக்கு வளைவு போடுகிறவளும் ஒரே கோட்டைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அந்த வாரம் முழுவதும் வரைந்தாள். சட்டை கேட்டு வந்தவர்களுக்கு நாளைக்கு, நாளன்றைக்கு என்று சாக்குச் சொன்னாள். வாளி வரைந்தபோது அது நாலு துண்டுப் பாவாடையைத் தலைகீழாகப் பிடித்ததுதான் என்று தெரிந்தது. சீப்பின் பற்கள் நடுவில் நெருங்கி ஓரத்தில் விலகிப் போயின. தண்ணீர் ஜக்கை ஒரு நாளைக்கு இருபது தடவை தூக்குகிறாள். அதன் கழுத்து இவ்வளவு ஒடுங்கி, பிறகு இவ்வளவு தாராளமாக விரிகிறது என்று வரைந்த அன்றுதான் பார்த்தாள். அழகாக இருந்தது. வெறும் பிளாஸ்டிக் ஜக். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது.

சனிக்கிழமைக்குள் பன்னிரண்டு படங்கள். எல்லாம் அசல் அளவில். டீ பாத்திரம், ஜக், இஸ்திரிப்பெட்டி, வாளி, சீப்பு, டார்ச், தம்ளர், கரண்டி, செருப்பு, குடை, பூட்டு, கடைசியாக அவளுடைய கத்திரிக்கோல். சுருட்டிக் கொண்டுபோய் அவர் முன்னால் ஒவ்வொன்றாக விரித்தாள். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் டீ பாத்திரத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரலால் விளிம்புக் கோட்டைத் தடவினார். தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு தாளைக் கவிழ்த்தார்.

ஜக்கைக் கவிழ்த்தார். இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்தார். வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார்.

அவளுக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். "என்னங்க, ஒரு வாரமா வேலையைப் போட்டுட்டு உக்காந்து வரைஞ்சிருக்கேன். அந்தப் பொண்ணு சொல்றது சரிதானா? நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா? இல்ல திமிரா? எதுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"அது," என்றார் அவர் மெதுவாக. கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் மெஷினில் போய் உட்கார்ந்து, யாருடையது என்று கூடப் பார்க்காமல் நான்கு கால்சட்டைகளுக்குக் கீழ்மடிப்பு அடித்தாள். ஐந்தாவதை எடுக்கத் திரும்பியபோதுதான் கவனித்தாள். பதினொரு தாள்கள் தரையில் குப்புறக் கிடந்தன. கத்திரிக்கோல் மட்டும் நிமிர்ந்து அவர் மடியில் இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் அது மட்டும்? அவளுக்குப் புரியவில்லை. இரண்டு நாள் யோசித்தும் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் கண்டக்டர் சீருடைச் சட்டை வாங்க வந்தார். இருபது வருடம் ஒரே தோளில் பையைத் தொங்கவிட்டதில் அவருக்கு இடது தோள் முக்கால் இன்ச் இறங்கியிருக்கும். அந்தப் பக்கம் உள்ளே இரண்டு மடிப்புத் துணி வைத்து, தோள் தையலை ஏற்றித் தைப்பது அவளுடைய ரகசியம். கண்டக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"உங்க கையில தைச்சா மட்டும்தாம்மா நான் நேரா இருக்கேன். என் பொண்டாட்டியே உங்க சட்டையில பாத்தா அடையாளம் தெரியலைங்கிறா."

தையல்காரி பல்லில் பிடித்திருந்த ஊசியை எடுத்தாள். "என்ன சொன்னீங்க?"

"அடையாளம் தெரியலைன்னு..."

கண்டக்டர் போகும்வரை கூடப் பொறுக்கவில்லை. டீ பாத்திரத்தையும் தாளையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பாத்திரத்தின் விளிம்பில் ஒரு நெளிசல் இருந்தது. தாளில் இல்லை. இஸ்திரிப்பெட்டியின் பின்புறம் ஒரு துளை சின்னத் தகடு வைத்து அடைக்கப்பட்டிருந்தது. தாளில் இல்லை. ஜக்கில் கீறல்கள் இருந்தன. தாளில் ஒன்றுகூட இல்லை. முப்பத்தைந்து வருடமாகக் கூனை, தொப்பையை, இறங்கிய தோளை மறைத்து மறைத்துப் பழகிய கை. யார் சொல்லியும் அல்ல, தானாகவே அந்தச் சாமான்களின் குறைகளை எல்லாம் நேராக்கிவிட்டிருக்கிறது. அவர் கவிழ்த்ததில் என்ன தப்பு? இதெல்லாம் அவர் வீட்டுச் சாமானே இல்லை.

குறைகள் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வீட்டில் முழுசாக இருக்கும் பொருள் ஒன்றுகூடக் கிடையாது. எதையும் தூக்கிப்போட விடமாட்டார். புதிதாக வாங்கிய பொருளைக்கூட ஒரு வாரத்தில் கழற்றி ஏதாவது செய்துவைப்பார். "நம்ம வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு கட்டுப் போட்டுட்டு நிக்குது," என்று அவள் திட்டாத மாதம் இல்லை. அவருக்குக் 'கோணல் கம்பெனி' என்று பேரே வைத்திருந்தாள். ஏன் இப்படிக் கோணலாக வைத்தீர்கள் என்று கேட்டால், "இருக்கட்டும்," என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

"சரி, உங்க கோணலையே வரையறேன்," என்று உள்ளறையைப் பார்த்துக் கத்திவிட்டுப் புதுத் தாளை விரித்தாள்.

ஜக்கில் ஆரம்பித்தாள். எப்போதும் பிடிப்பது போலக் கைப்பிடியை இடப்பக்கம் வைத்தாள். கீறல்கள் ஆறு இருந்தன. தேய்த்துக் கழுவியதில் விழுந்தவை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். வரைவதென்றால் அளக்க வேண்டுமே. டேப்பை வைத்தாள். முதல் கீறலுக்கும் இரண்டாவதற்கும் ஒரு இன்ச். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு இன்ச். மூன்றுக்கும் நான்குக்கும் ஒரு இன்ச்.

தேய்ப்பதில் விழும் கீறல் இன்ச் டேப் பார்த்தா விழும்?

ஜக்கைத் திருப்பினாள். மறுபக்கம், கம்பெனிக்காரன் அச்சடித்த அளவுக்கோடுகள் இருந்தன. ஆறு. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. வலது கையால் ஜக்கைப் பிடித்தால் கம்பெனிக் கோடு பிடித்தவரைப் பார்க்கும். இடது கையால் பிடித்தால் அந்தக் கோடு அந்தப் பக்கம் போய்விடும். பிடித்தவளைப் பார்ப்பது ரம்பத்தால் கீறிய இந்த ஆறு கோடுகள்தான்.

டீ பாத்திரத்தை எடுத்தாள். கடையில் வாங்கும்போது ஊற்றுவதற்கு ஒரு பக்கம் மூக்கு வைத்திருப்பான். இவர் ஒரு நாள் அந்த மூக்கைத் தட்டித் தட்டையாக்கி, எதிர்ப்பக்கம் நெளித்துவிட்டார். நல்ல பாத்திரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று அன்று முழுக்கப் பேசியது அவளுக்கு ஞாபகம் வந்தது. இடது கையால் பாத்திரத்தைப் பிடித்து, வெறும் பாத்திரத்திலிருந்து இல்லாத டீயை ஊற்றிப் பார்த்தாள். நெளிசல் சரியாகத் தம்ளருக்கு மேலே வந்து நின்றது. இஸ்திரிப்பெட்டியின் ஒயர் வலப்பக்கத் துளையிலிருந்து பிடுங்கப்பட்டு இடப்பக்கம் போயிருந்தது. துணிக்கு மேல் விழாமல், கையில் சுற்றாமல். தலைகீழாக மாட்டிவிட்டார் என்று அவள் சிரித்த மருந்து அலமாரிக் கதவு இடது கைக்குத் திறந்தது. டார்ச்சின் பொத்தான் இடது கட்டைவிரலுக்கு நகர்ந்திருந்தது.

கத்திரிக்கோலைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் விரல் புண்ணாகியிருப்பதைப் பார்த்து ஒரு நாள் வாங்கிக்கொண்டு போனார். வளையத்தை இடது கைக்கு ராவி, நூல் சுற்றிக் கொடுத்தார். தெரிந்ததால்தான் அதை உள்ளபடி வரைந்திருக்கிறாள். மிச்சத்தை எல்லாம் அவர் சொல்லவே இல்லை. அவளும் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை, திட்டுவதற்குத்தான் நேரம் இருந்தது. வீட்டுக்குள் எதுவும் கை தவறாது, வெளியே போனால் கப்பு உடையும், டீ கொட்டும். அது அவசரக் கை என்று ஊரும் சொன்னது, அவளும் நம்பினாள்.

ஜக்கில் தண்ணீர் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் நின்று, இடது கையால் ஜக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"இது எனக்காகவா?"

அவர் ஜக்கைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாளா என்கிற மாதிரி ஒரு பார்வை. "அது," என்றார். இடது கையை நீட்டி அவள் இடது கையைத் தொட்டார்.

"எல்லாமுமா? இந்தக் கதவு, அந்த ஒயர், எல்லாமுமா?"

"அது. அது. அது."

"வாய் இருந்த காலத்துல இத ஒரு தடவ சொல்லியிருந்தா என்னய்யா குறைஞ்சா போயிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிடத் தோன்றவில்லை. அழுது முடித்து நிமிர்ந்தபோது அவர் அந்த ஜக்கை வாங்கி, பக்கத்திலிருந்த தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மிச்சம் இருக்கும் ஒரே கையால், ஒரு சொட்டு சிந்தாமல். அவளுக்காகச் செய்துவைத்த வீட்டில் இப்போது அவரும் பிழைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம் அவள் வரைந்த வேகத்தை யாரும் தடுத்திருக்க முடியாது. நெளிசல், கீறல், அடைத்த தகடு, மாற்றிப் போட்ட ஸ்க்ரூ, சுற்றிய நூல், எதையும் விடவில்லை. வியாழக்கிழமைக்குள் பன்னிரண்டும் தயார். ஒவ்வொன்றாக விரித்தாள். அவர் ஜக் படத்தில் கோடுகளை விரலால் எண்ணினார். ஆறு. தாளை மேசைமேல் வைத்தார், நிமிர்த்தி. அடுத்ததையும் நிமிர்த்தி வைத்தார். பன்னிரண்டும் நிமிர்ந்தன.

மீதி இருந்த நாளெல்லாம் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நாலு தாளைப் போட்டு, "வாளி எது?" என்பாள். முதல் நாள் கரண்டியைக் காட்டினார். "கரண்டியில குளிப்பீங்களா? நல்லாப் பாருங்க." மூன்றாம் நாள் ஐந்து சரி. ஆறாம் நாள் ஏழு. ஏழாம் நாள் மறுபடி நாலுக்கு இறங்கி, அவர் தாளைத் தள்ளிவிட்டார். "தள்ளுங்க. நான் திரும்ப எடுத்துப் போடுவேன். எனக்கு முதுகு வலிக்கிற வரைக்கும் தள்ளுங்க, பாத்துடலாம்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மதிப்பீட்டு நாளன்று தெரபிஸ்ட் பெண் தன் அட்டைகளைப் பரப்பினாள். மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். அவள் படிவத்தில் பேனாவை வைக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் தையல்காரி. அக்குளில் இருந்த சுருளை எடுத்தாள்.

"அம்மா, விதிப்படி இந்த அட்டையிலதான் பாக்கணும்..."

"உங்க விதிப்படி பாத்துட்டீங்க. இப்ப ஒரு தடவ இதுல பாருங்க. பத்து நிமிஷம். அப்புறம் நீங்க என்ன எழுதினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மேசை போதாததால் தரையில் பரப்பினாள். அசல் அளவு வாளியும் குடையும் அந்தச் சின்ன அறையை நிறைத்தன. தெரபிஸ்ட் கால் வைக்க இடம் இல்லாமல் நாற்காலியில் ஏறிக்கொள்ளாத குறையாக ஒதுங்கி நின்றாள். குனிந்து ஜக்கைப் பார்த்தாள், வாய் திறந்தபடி நின்றாள். "இது நீங்க வரைஞ்சதா?"

"பேரைச் சொல்லுங்க. அவர் காட்டுவாரு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நான் கண்ணைக் காட்டினேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பழக்கத்தில் இடுப்பில் செருகி வந்திருந்த சாக்பீஸை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீ பாத்திரம்."

அவர் ஊன்றி நடக்கும் கைத்தடியின் நுனி தாளில் தட்டும் சத்தம் கேட்டது.

"சீப்பு." தட்டல். "ஜக்." தட்டல், உடனே. "டார்ச்." சற்று நேரம் அமைதி, பிறகு தட்டல். "ம்... பூட்டு." தட்டல். "வாளி." தட்டல்.

தையல்காரி சுவரில் ஒரு ஆணித் துளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பேனா காகிதத்தில் உராயும் சத்தம் மட்டும் வந்தது. பதினொன்று முடிந்தது.

"இஸ்திரிப்பெட்டி."

தட்டல் இல்லை. அவள் காத்திருந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. "அது," என்றார் அவர். குரலில் எரிச்சல். "அது!"

திரும்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் திரும்புங்க. உங்களக் கூப்பிடறாரு," என்றாள் தெரபிஸ்ட்.

திரும்பினாள். கைத்தடி இஸ்திரிப்பெட்டிப் படத்தின் மேல்தான் இருந்தது. ஆனால் பெட்டியின் மேல் இல்லை, ஒயரின் மேல். துளையை இடப்பக்கம்தான் வரைந்திருந்தாள். ஒயரை நீட்டும்போது அந்தப் பக்கம் தாள் முடிந்துவிட்டது. இன்னொரு தாளை ஒட்ட மனம் வராமல், துணியை மிச்சம் பிடிக்கிற புத்தியில், ஒயரை வளைத்து வலப்பக்கம் விட்டிருந்தாள்.

அவர் கைத்தடியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். அவள் சாக்பீஸைக் கொடுத்தாள். அவர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய, தெரபிஸ்ட் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். வலப்பக்கம் போன ஒயரைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு துளையிலிருந்து புதிதாக ஆரம்பித்தார். கோடு தாளின் விளிம்புக்கு வந்தது, நிற்காமல் சிமெண்ட் தரையில் இறங்கி, அவள் நின்ற இடம்வரை போனது. உதடு ஏதோ செய்ய முயன்றது.

"இ..." என்றார். "இட... இடது."

கோடு வந்து முடிந்த தன் காலடியைப் பார்த்தாள் தையல்காரி.

"இடது," என்றார் மறுபடி, இன்னும் சத்தமாக, தப்பாக ஸ்க்ரூ போட்டவனைத் திட்டுகிற குரலில்.

"தெரியும்யா," என்றாள் தையல்காரி. "எனக்கு இப்பத் தெரியும்யா." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"எதுக்கு இடதுன்னு சொல்றாரு?" என்று கேட்டாள் தெரபிஸ்ட்.

தையல்காரி தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். சாக்பீஸ் பொடி படிந்த விரல்கள். அந்தப் பெண் கையைப் பார்த்தாள், தரையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். நெளிந்த மூக்கையும் ஆறு கோடுகளையும் நகர்த்திய பொத்தானையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முழுக்கப் பார்க்க அவளுக்கு நேரம் பிடித்தது. வெளியே அடுத்த ஆள் காத்திருப்பதை மறந்துவிட்டாள்.

பிறகு படிவத்தை எடுத்தாள். "பன்னிரண்டுல பத்து," என்றாள். "சொந்த வீட்டுப் பொருள்னு குறிப்பு எழுதறேன். புதுசா ஒரு சொல்லுன்னும் எழுதறேன். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். புதன்கிழமை வந்துடுங்க. படத்த எல்லாம் கொண்டு வாங்க."

தையல்காரி தாள்களைச் சுருட்டக் குனிந்தாள். மெக்கானிக் மேசைப் பக்கம் திரும்பியிருந்தார். கவிழ்ந்து கிடந்த அட்டைகளில் ஒன்றை இழுத்து நிமிர்த்தினார். ஆஸ்பத்திரியின் பளபளக்கும் இஸ்திரிப்பெட்டி. அதை உற்றுப் பார்த்துவிட்டு, தெரபிஸ்டிடம் கையை நீட்டினார். அவள் ஒரு விநாடி தயங்கினாள், பிறகு தன் பேனாவைக் கொடுத்தாள். அவர் வலப்பக்க ஒயரை அடித்துவிட்டு இடப்பக்கம் ஒன்று போட்டார். அட்டையை நிமிர்த்தியே ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.